பாட்டியின் தலைக்கு மேலே தீச்சுடர்! காமிராவுக்குள் புகுந்த திருடன் யார்?

வடலூரில் ஒரு வீடு. பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் தாத்தாவின் பழைய பெட்டிக் காமிரா.

இப்படி வைத்துக்கொள்வோம்.

கல்லூரியில் படிக்கும் பேரன் அதைக் கண்டு எடுக்கிறான். தூசியைத் துடைக்கிறான். விசையை அழுத்துகிறான். ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறது. காமிரா உயிரோடு இருக்கிறது!

வெளியூரில் இருந்து கறுப்பு வெள்ளை பிலிம் ஒன்று வரவழைக்கிறான். தைப்பூசம் வருகிறது. சத்திய ஞான சபைக்கு வெளியே, கூட்டத்துக்கு நடுவே, பாட்டியை நிற்க வைத்துப் படம் எடுக்கிறான்.

பிலிம் கழுவி வந்தது. போட்டோவும் போட்டாயிற்று. பார்த்தால்...

பாட்டியின் தலைக்கு மேலே வெள்ளை வெளேர் என்று ஒரு தீச்சுடர்!

பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அருட்பெருஞ்ஜோதி! என் தலைக்கு மேலேயே இறங்கி வந்திருக்குதடா, கண்ணு!” என்று கண்ணீர் விட்டார்.

மாமா முகத்தைச் சுளித்தார். “செத்துப்போனவர் காமிராவைத் தொடலாமா? இது அவருடைய ஆவிதான். முதலில் இதை வீட்டை விட்டு வெளியே போடு” என்றார்.

போட்டோ ஸ்டூடியோக்காரர் படத்தை ஒரு தடவை பார்த்தார். “காமிரா போச்சு, தம்பி! எடைக்குப் போட்டுவிடு” என்றார்.

மூன்று பேர். மூன்று தீர்ப்பு!

அந்த மூன்று பேரில் ஒருவராவது நெகட்டிவைக் கையில் வாங்கிப் பார்த்தாரா? இல்லை!

சாட்சியை விசாரிக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

சாட்சி பேசும்

பாழான பிலிமைப் பலர் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு. வெளிச்சம் எந்த வழியாகக் காமிராவுக்குள் புகுந்தது என்பதை அந்த பிலிமே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். காமிராவை எடைக்குப் போட வேண்டாம். தாத்தாவை ஆவியாக்கவும் வேண்டாம்!

வடலூரில் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஜோதியை வணங்கும் ஊர் அது. வள்ளலாரைப் படம் பிடிக்க முயன்றார்கள், அவருடைய உருவம் படத்தில் விழவில்லை என்று அவர் வரலாற்றில் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. அது அடியார்களின் நம்பிக்கை. அதில் யாரும் கை வைக்கவில்லை.

ஆனால் பின் கதவு சரியாக மூடாத ஒரு காமிராவில் விழுந்த கோட்டுக்கும் அந்த நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம்? கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்பாதீர்கள் என்று சொன்னவர் அல்லவா வள்ளலார்!

பாழான பிலிமைத் தூக்கி எறியாமல் யோசித்த ஒருவரால் உலகமே மாறி இருக்கிறது.

1896-ம் ஆண்டு. பாரிஸ் நகரம். ஹென்றி பெக்கரல் என்று ஒரு விஞ்ஞானி. வெயில் பட்டால் யுரேனிய உப்பில் இருந்து ஒருவிதக் கதிர் வரும் என்று அவர் நினைத்தார். போட்டோத் தகட்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, அதன் மேல் அந்த உப்பை வைத்தார். வெயிலுக்குக் காத்திருந்தார். வெயில் வரவில்லை. வானம் மூடிக்கிடந்தது. எல்லாவற்றையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மார்ச் 1-ந் தேதி அந்தத் தகட்டைக் கழுவிப் பார்த்தார். வெயிலே படாத தகட்டில் உப்பின் தடம் கறுப்பாக விழுந்திருந்தது!

“தகடு கெட்டுவிட்டது” என்று அவர் எறிந்திருந்தால்? எறியவில்லை. காரணத்தைத் தேடினார். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1903-ல் கியூரி தம்பதிகளோடு சேர்ந்து நோபல் பரிசும் கிடைத்தது.

1945-ல் அமெரிக்காவில் இன்னொரு கதை. கோடாக் கம்பெனியின் எக்ஸ்ரே பிலிம்களில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. ஜூலியன் வெப் என்ற விஞ்ஞானி துப்புத் துலக்கினார். பிலிமை வைத்துக் கட்டிய அட்டையில் குற்றம் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 16-ந் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். அதன் சாம்பல் காற்றில் பறந்து போய், ஆயிரம் மைலுக்கு அப்பால் அட்டை செய்யும் ஆலையின் தண்ணீரில் கலந்திருந்தது! நாடே ரகசியமாக வைத்திருந்த செய்தியை ஒரு பிலிம் சொல்லிவிட்டது.

பாட்டி படத்தில் அணுகுண்டு இல்லை. ஆனால் விசாரிக்கும் முறை அதேதான்.

28,800 வினாடி!

காமிரா என்பது என்ன? ஓர் இருட்டுப் பெட்டி. அவ்வளவுதான்.

ஞான சபையில் ஏழு திரைகள் உண்டு. அவற்றில் முதல் திரை கறுப்பு. திரைகள் விலகினால் ஜோதி தெரியும். காமிராவிலும் திரை உண்டு. அதற்கு ஷட்டர் என்று பெயர். ஆனால் இங்கே திரை விலகும் நேரம் மிக மிகக் குறைவு. சாதாரணப் பெட்டிக் காமிராவில் ஒரு வினாடியை 30 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் வந்த வெளிச்சமே படம் ஆகிறது.

இப்போது காமிராவில் குண்டூசி முனை அளவு ஒரு துளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் மூடிக்கொள்ளும். துளை மூடுமா? காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை காமிரா தோளில் தொங்குகிறது. 8 மணி நேரம். அதாவது 28,800 வினாடி. ஷட்டர் திறந்திருந்ததைப்போல் 8 லட்சத்து 64 ஆயிரம் மடங்கு நேரம்!

அந்தத் துளி வெளிச்சம் தீச்சுடராக வளர்ந்ததில் என்ன அதிசயம்?

இதனால்தான் ஒரே பிலிமில் சில படங்கள் நன்றாக இருக்கும். சில படங்கள் பாழாகி இருக்கும். “நல்ல காமிரா என்றால் எல்லாம் நன்றாக இருக்க வேண்டும். கெட்ட காமிரா என்றால் எல்லாம் கெட வேண்டும்” என்று வாதாடுவார்கள். அது தவறு. அடுத்தடுத்து மளமளவென்று எடுத்த படங்கள் தப்பிவிடும். ஒரு படம் எடுத்துவிட்டு, காமிராவை வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்களா? அந்த நேரத்தில் உள்ளே காத்திருந்த பிலிம் துண்டு மாட்டிக்கொள்ளும்!

விசாரணை எப்படி?

போட்டோவை வைத்து விசாரிக்கக் கூடாது. நெகட்டிவை எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள்.

போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்த கோடு, நெகட்டிவில் கறுப்பாக இருக்கும். நெகட்டிவில் அந்தக் கோடே இல்லையா? அப்படியானால் காமிரா நிரபராதி. போட்டோ போட்ட இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

கோடு இருக்கிறது என்றால், அடுத்த கேள்விதான் முக்கியமானது. கோடு படத்தின் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டதா? அல்லது சட்டத்தைத் தாண்டி, பிலிமின் ஓரம் வரை போயிருக்கிறதா?

படம் விழும் இடத்தைச் சுற்றிக் காமிராவுக்குள் ஒரு சட்டம் உண்டு. லென்ஸ் பக்கம் இருந்து வரும் வெளிச்சம் அந்தச் சட்டத்துக்குள்தான் விழ முடியும். எனவே கோடு சட்டத்துக்குள் அடங்கி இருந்தால், திருடன் முன் பக்கமாக வந்தான். லென்ஸ், ஷட்டர், மடிப்புத் தோல், இவற்றைச் சோதியுங்கள். கோடு ஓரம் வரை ஓடி இருந்தால், திருடன் பின் கதவு வழியாக வந்தான்!

கலர் பிலிமில் இன்னொரு துப்பும் கிடைக்கும். பின்னால் இருந்து வந்த வெளிச்சம் போட்டோவில் சிவப்பாகவோ ஆரஞ்சு நிறமாகவோ விழும். சிவப்பை உணரும் பூச்சு பிலிமில் அடியில் இருப்பதே இதற்குக் காரணம். முன்னால் இருந்து வந்தது பெரும்பாலும் வெளுப்பாக இருக்கும். ஜோதி என்று கும்பிட்ட பல படங்களில் ஆரஞ்சு நிறம் வந்தது இப்படித்தான்.

சரி, கதவில் எந்த இடம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுடர் பாட்டியின் தலைக்கு மேலே இருக்கிறது. உடனே காமிராவின் மேல் பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. ஏன் தெரியுமா? லென்ஸ் எதையும் தலைகீழாகத்தான் காட்டும். காமிராவுக்குள் பாட்டி தலைகீழாக நிற்கிறார்! அவர் தலை இருப்பது அடிப்பக்கம்.

ஒரு சுலபமான வழி உண்டு. காலிக் காமிராவின் பின் கதவைத் திறங்கள். கழுவிய நெகட்டிவைப் படம் எடுத்தபோது இருந்ததைப் போலவே திரும்ப வையுங்கள். மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். ஆள் தலைகீழாக இருக்க வேண்டும். இப்போது அந்தக் கறுப்புக் கோடு ஓரத்தில் எங்கே தொடுகிறதோ, அதற்கு நேராகக் கதவைப் பாருங்கள்.

திருடன் நுழைந்த இடம் அதுதான்!

சிவப்பு ஜன்னல்

நம் நாட்டில் குடும்பம் குடும்பமாகப் புழங்கியது ‘ஆக்பா கிளிக் III’. ஜெர்மன் கம்பெனியின் காமிரா. குஜராத்தில் பரோடாவில் தயாராயிற்று. ஒரு பிலிமில் 12 சதுரப் படங்கள் எடுக்கலாம். அதில் போடும் 120 பிலிம் 1901-ல் வந்தது. இன்றும் விற்பனையில் இருக்கிறது! அதனால்தான் பரணில் இருக்கும் காமிராக்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இந்த வகைக் காமிராக்களின் முதுகில் வட்டமாக ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும். எத்தனையாவது படம் என்று எண்ணைப் பார்ப்பதற்காக வைத்தது. முற்காலத்துப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. எனவே சிவப்பு ஜன்னலால் கெடுதல் இல்லை. பிறகு வந்த பிலிம்களுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனால் ஜன்னல் மட்டும் அப்படியே இருந்துவிட்டது! படத்தின் நடுவில் வட்டமாக மங்கல் விழுந்தால், முதல் சந்தேகம் இந்த ஜன்னல் மேல்தான். மருந்து? ஒரு துண்டு கறுப்பு டேப். பிலிமைச் சுற்றும்போது மட்டும், நிழலில் நின்று, டேப்பைத் தூக்கிப் பாருங்கள்.

மடக்குக் காமிராவில் துருத்தி மாதிரி மடிப்புத் தோல் இருக்கும். மடிப்பின் மூலைகள்தான் முதலில் கிழியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே ஒரு சின்ன டார்ச் விளக்கை வைத்து மூடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 10 நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு துருத்தியை மெல்ல அசைத்துப் பார்த்தால், துளைகள் நட்சத்திரம் போல மின்னும்!

1970, 80-ம் ஆண்டுகளில் வந்த ஜப்பான் காமிராக்களின் கதை வேறு. கதவு ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள். அது வருடக்கணக்கில் இற்றுப்போய், தார் போல் கையில் ஒட்டும். அதைக் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை வைத்தால் போதும். சுரண்டியது ஷட்டருக்குள் விழுந்துவிடக் கூடாது. அது மட்டும் கவனம்!

துணித் திரை வைத்த காமிராவை வெயிலைப் பார்த்து வைக்காதீர்கள். பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரித்து விளையாடாத பையன் உண்டா? லென்ஸும் அதே வேலையைச் செய்யும். திரையில் பொத்தல் விழும்.

எல்லாப் பழியையும் துளை மேல் போடவும் கூடாது. சூரியனுக்கு நேராகப் பிடித்து எடுத்த படத்தில் மட்டும் வட்டம் வட்டமாக வந்தால், அது லென்ஸில் வெயில் பட்டதன் விளைவு. பிலிமின் தொடக்கமும் முடிவும் மட்டும் கருகி இருந்தால், நடுவெயிலில் நின்று பிலிம் மாட்டி இருக்கிறீர்கள். கை செய்த குற்றத்துக்குக் காமிரா என்ன செய்யும்?

நிலத்துக்கடியில் போன வீடுகள்

“இதற்கெல்லாம் இவ்வளவு பாடா? செல்போனில் எடுத்துவிட்டுப் போகலாமே” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புதிய படத்துக்குச் செல்போன் போதும். பழைய படத்துக்கு?

நெய்வேலியில் 1957-ல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். 1961 ஆகஸ்டு மாதம் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நாட்டுக்கு மின்சாரம் வந்தது. அதற்காக நிலத்தையும் வீட்டையும் கொடுத்துவிட்டுக் கிளம்பிய குடும்பங்கள் எத்தனையோ! அவர்கள் வாழ்ந்த தெருவைப் போய்ப் பார்க்க முடியாது. அங்கே இருப்பது பள்ளம்.

அந்தத் திண்ணை, அந்த மாட்டுத் தொழுவம், வாசலில் நின்ற வேப்பமரம், இவற்றில் ஏதாவது ஒன்று இன்று எங்கேயாவது இருக்கும் என்றால், யாரோ ஒருவர் பெட்டிக் காமிராவில் எடுத்த நெகட்டிவில்தான் இருக்கும். அதில் ஒரு மூலையில் வெளிச்சம் புகுந்திருக்கலாம். “கெட்டுப்போன பிலிம்” என்று உறையில் எழுதியும் வைத்திருக்கலாம்.

அந்த உறையைக் குப்பையில் போடுகிறவர்களை என்ன சொல்வது? வெளிச்சம் தின்றது ஒரு மூலையை. மீதி வீடு அப்படியே இருக்கிறதே! கோடு விழுந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்துப் பிரிண்ட் போட்டால், மறைந்ததில் கொஞ்சம் திரும்பவும் வரும். விவரம் தெரிந்த ஸ்டூடியோக்காரர் இதைச் செய்வார். பார்க்காமலே “போச்சு” என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

புதிதாகப் படம் எடுப்பவருக்கும் பணம் சும்மா வரவில்லை. 1960-ல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. ‘இந்து’ என்ற பெயரில் நம் பிலிமே கடைக்கு வந்தது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. இப்போது கடையில் விற்கும் பிலிமில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. துளையைக் கண்டுபிடிக்காமல் இரண்டாவது பிலிமைப் போடுவது, ஓட்டைக் குடத்தில் மறுபடியும் தண்ணீர் பிடிக்கிற வேலை!

வடலூர்ப் பேரன் என்ன செய்தான்?

நெகட்டிவை எடுத்தான். ஓரத்தைப் பார்த்தான். கறுப்புக் கோடு சட்டத்தைத் தாண்டி ஓடி இருந்தது. காமிராவின் பின் கதவைத் திறந்து, பாட்டியைத் தலைகீழாக வைத்தான். கோடு கீழ் விளிம்பில் போய் முட்டியது. அங்கே ஒட்டியிருந்த கறுப்புத் துணி இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்ந்து போயிருந்தது.

தையல் கடையில் ஒரு முழம் கறுப்புக் கம்பளி நூல் வாங்கி வந்து ஒட்டினான். அடுத்த பிலிமில் 12 படமும் சுத்தம்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி மட்டும் பழைய படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். மாட்டினான். மாட்டுவதற்கு முன், படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் தேதியைக் குறித்தான். அதற்குக் கீழே ஒரு வரி எழுதினான்:

“பின் கதவு, கீழ் விளிம்பு.”